ஹுஸ்தா

மண்டபத்தில் ஏசி இரைந்துகொண்டிருந்தது.
போகோட்டாவிலிருந்து வந்தவள்
சுவரில் படம் காட்டிப் பேசினாள்:
பதினோரு கோட்பாடுகள், நான்கு தூண்கள்,
வளரும் நாடுகளுக்கான வழிகாட்டல்,
எங்கோ ஒரு குளிர்நாட்டில் ஒப்பமிட்டது.
வரிக்கு வரி ஒரு சொல் வந்தது.
ஹுஸ்தா.
ஹுஸ்தாவான மாற்றம்.

நியாயமானது என்று அர்த்தம். தெரியும்.
ஆனால் இருபத்திரண்டு வருஷம் மெஷின் மிதித்தவளுக்கு
அந்தச் சொல் வேறு வழியாகத்தான் காதில் ஏறும்.
எங்கள் கடையில் ஹுஸ்தா என்றால்
உடம்பைப் பிடிக்கும் சட்டை.
குனிந்தால் முதுகில் தெறிக்கும்.

சுரங்கத்துக்குச் சீருடை தைத்தேன்.
ஆரஞ்சுத் துணி, மார்பில் மினுங்கும் பட்டை.
டம்பர் ஓட்டும் டகோபெர்த்தோவுக்கு
இடது தோள் ஒரு விரற்கடை தாழ்வு.
வெடி வைக்கும் எல்வெர்
வருஷத்துக்கு ஒரு சுற்று பருத்துவிடுவான்,
அவனுக்கு மட்டும் துணியை உள்ளே மடித்து விட்டிருப்பேன்.
தையலில் தங்கும் கரித்தூளை
அடித்துத் துவைத்தவள் என் ஓரகத்தி நெல்சி.
குழியை மூடினார்கள்.
எண்ணூறு பேருக்கு ஈட்டுத்தொகை.
தைத்தவளும் துவைத்தவளும்
மூன்றாம் நாள்தான் தெரிந்துகொண்டோம்,
நாங்கள் அங்கே வேலை பார்க்கவே இல்லை என்று.

கேள்வி கேட்கலாம் என்றார்கள்.
சூரியத் தகட்டில் எத்தனை பேருக்கு வேலை,
டகோபெர்த்தோ கேட்டான்.
கட்டும்போது நூற்றிருபது.
கட்டி முடித்ததும் ஒன்பது.
"துடைக்கவா?"
மண்டபம் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள்,
பிறகு அதற்கு வருந்தியவள் போலத் தண்ணீர் குடித்தாள்.
கெட்டவளாகத் தெரியவில்லை.
காலர் ஓரம் பிசிறியிருந்தது, யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் எழுந்தேன்.
பணத்தைப் பற்றிக் கேட்கத்தான் எழுந்தேன்.
"இதை யாருக்கு அளவெடுத்துத் தைத்தீர்கள்?"
என்றுதான் வந்தது வாயில்.
எழுதினாள். அடித்தாள். மறுபடி எழுதினாள்.

வாசலில் வருகைப் பதிவேடு:
பெயர், தொழில், ஒப்பம்.
நெல்சி நடுக்கட்டத்தைக் காலியாக விட்டுப் போனாள்.
நான் எழுதினேன், இடம் போதாமல்
அவள் வரியிலும் ஏறி:
சுரங்கத்துக்குத் தைத்தவள்.

யாரும் வாங்காத பதினாறு சட்டைகள் கடையில் கிடக்கின்றன.
மினுங்கும் பட்டையைப் பிரித்து
பள்ளிக்கூடப் பைகளில் வைத்துத் தைக்கிறேன்.
விடியுமுன் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கும்போது
லாரி வெளிச்சம் பட்டால் பளிச்சிடும்.
இப்போது
லாரிகள் அவ்வளவாக வருவதில்லை.