அரை ஆயுள்

நாளை பத்து மணிக்குத் தேர்வு.
ஒரு கேள்வி எனக்கு இப்போதே தெரியும்:
அரை ஆயுள் என்றால் என்ன? இரண்டு மதிப்பெண்.

இன்று காலை ஆறு மணி.
வால்டிவியாவில் ஜூலை, நான்காம் நாள் மழை.
ஆண்கள் வார்டு, ஒன்பதாம் கட்டிலில்
டெலெஸ்போரோ பையான்.
ஆற்றங்கரை மீன்சந்தையில் நாற்பது வருஷம்
தராசு பிடித்த கை
போர்வைமேல் மல்லாந்து கிடந்தது.
படித்துறைக் கடற்சிங்கங்களுக்குக்கூட
அந்தக் கையைத் தெரியுமாம்.

"அந்த மாத்திரைக்குள் எத்தனை கிராம் மருந்து, பெண்ணே?"
கிராம் இல்லை. டிகாக்ஸின்.
நூற்றிருபத்தைந்து மைக்ரோகிராம்.
"ஒரு செதில் அளவு?"
செதிலின் ஓரத்தில் ஒட்டிய பொடி அளவு.
"அதற்கா இத்தனை கையெழுத்து!"

இந்த ஊரில் தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளி.
பூஜ்யம், காற்புள்ளி, ஒன்று, இரண்டு, ஐந்து.
முன்னால் நிற்கும் பூஜ்யத்தை விட்டுவிட்டால்
காற்புள்ளி ஒரு கொசு,
யார் கண்ணிலும் படாமல் பறந்துவிடும்.
முதல் வருஷம் இதை நூறு தடவை எழுதினேன்,
தண்டனைக்கு அல்ல,
பயந்து.

பெயர் கேட்டேன். கைப்பட்டையைப் பார்த்தேன்.
ஆள் சரி. மருந்து சரி. அளவு சரி.
வழி வாய். நேரம் ஆறு.
ஐந்தும் சரி.

ஐந்தும் சரியாக இருந்த பின்னும்
இந்த மருந்துக்கு ஒரு நிமிடம் காது கொடுக்க வேண்டும்.
இடது மார்பு, ஐந்தாம் விலா இடுக்கு.
ஸ்டெதாஸ்கோப்பின் குளிருக்கு அவர் உதடு சுழித்தார்.
அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிறவர்கள் உண்டு.
நான் பெருக்கவில்லை.
நாற்பத்தாறு.
நாற்பத்தேழு.
நாற்பத்தெட்டு.
முள் பன்னிரண்டுக்கு வந்துவிட்டது,
அறுபது வரவில்லை.

நேற்றிரவுச் சூப் ஆடை கட்டிக் கிடந்தது.
"மூன்று நாளாக வயிற்றோட்டம், வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை.
அதிருக்கட்டும்,
அந்த விளக்குக்கு எதற்கு மஞ்சள் வளையம் மாட்டினீர்கள்?"

வெள்ளைக் குழல்விளக்கு.
யாரும் எதையும் மாட்டவில்லை.

பாடத்தில் நான்கு அம்புக்குறிகளாக இருந்தது
இங்கே ஒரு கிழவரின் உடம்பாக இருந்தது.
உள்ளே வர வாய் எப்போதும் திறந்திருக்கிறது.
ரத்தம் சுமந்து போய்த் தசைகளில் ஒளித்துவைக்கிறது.
ஈரல் இந்த மருந்தைக் கண்டும் காணாமல் விடுகிறது.
வெளியேற அநேகமாகச் சிறுநீரகம் ஒன்றுதான்,
நீர் வற்றிய உடம்பில் அந்த வாய்க்கால் தூர்ந்திருந்தது.
தினம் ஒரு பொடி, தினம் ஒரு பொடி,
தராசின் ஒரு தட்டு மட்டும்
தாழ்ந்துகொண்டே.
மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே ஒரு ஜன்னல் என்று படித்தேன்.
இது ஜன்னல் இல்லை, கதவிடுக்கு.

மாத்திரையைக் கிண்ணத்திலேயே விட்டேன்.
'தரவில்லை' என்று எழுதினேன்,
கீழே நேரம், துடிப்பு, மஞ்சள்.
டாக்டர் இனோஸ்ட்ரோசாவை எழுப்பினேன்.
"மாணவியா?" தூக்கம் கலையாத குரல்.
ஆமாம். நாற்பத்தெட்டு, என்றேன்.
மறுமுனையில் கட்டில் கிறீச்சிட்டது.

ரத்தம் எடுத்தார்கள். சலைன் ஏறியது.
மார்பில் ஒட்டிய கம்பிகள் திரையில் கோடு கிழித்தன.
எட்டுக்கு ஷிஃப்ட் முடிந்தும் நான் கிளம்பவில்லை,
மழை என்று சொல்லிக்கொண்டேன்.

"இது எப்போது என்னைவிட்டு முழுசாகப் போகும்?"
முதலில் பாதி போகும். பிறகு அந்தப் பாதியில் பாதி.
பிறகு அதிலும் பாதி.
புத்தகத்தில் ஒவ்வொரு பாதிக்கும் ஒன்றரை நாள்,
உங்களுக்கு இன்னும் நீளும்.
அவர் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார்.
"மீனைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால்
கடைசியில் கத்தியில் வாசனை நிற்கும்.
அது போகவே போகாது."
ஐந்து பாதிக்கப்புறம் போய்விட்டதாக
வைத்துக்கொள்வோம், என்றேன்.
"வைத்துக்கொள்வோம்," என்றார்,
விலை படிந்த வியாபாரியைப் போல.

விடைத்தாளில் கத்தியை எழுத முடியாது.
இரத்தத்தில் மருந்தின் செறிவு பாதியாகக் குறைய ஆகும் காலம்,
அப்படித்தான் எழுதுவேன், இரண்டு மதிப்பெண்.

கிளம்பும்போது திரும்பிப் பார்த்துக் கேட்டேன்:
வளையம்?
விளக்கை வெகுநேரம் பார்த்தார்.
"இருக்கிறது."