உமி மூட்டை பன்னிரண்டு

தகரத்துக்கும் சீலிங்குக்கும் நடுவில்
குப்புறப் படுத்தால்தான் நகர முடியும்.
நான் ஒல்லி. அதனால் நான்.

போன வருஷம் இன்னாசி
காசு கொடுத்த உமி வீணாகக் கூடாதென்று
இறவாரம் வரைக்கும் திணித்தார்.
வெயில் அடங்கியது, உண்மை.
மார்கழியில் கட்டில்மேல் சொட்டியது.
மழையில்லை;
மூக்கையூரே காய்ந்து கிடந்த ராத்திரி.
எங்கள் மூச்சும் உலைநீராவியும்
போக வழியில்லாமல் தகரத்தில் வியர்த்து,
உமி புளித்து,
சின்னவனுக்கு இருமல்.

இந்தத் தடவை
பெயிண்ட் டப்பாவை வெட்டி விரித்து
கைமரத்துக்குக் கைமரம் செருகுகிறேன்.
உமி அந்தப் பக்கம் நிற்கட்டும்,
காற்றுக்கு ஒரு சாண்.
தும்மினால் தலை இடிக்கிறது.
மொத்தம் பதினோரு ஓட்டை.
ஏழாவதில் ஒரு குருவிக்கூடு,
பாதிக்கு மேல் நைலான் வலைநூல்.
காலிதான். இரண்டு முறை பார்த்துவிட்டே எடுத்தேன்.

வெளியே ஏணியில் அவர்.
நேற்றிலிருந்து பேச்சில்லை:
மிச்சமாகும் ரெண்டு மூட்டையை
என்ன செய்வதென்று சண்டை.

கச்சான் எழும்புகிறது.
ஒவ்வொரு ஓட்டையாக முகத்தில் ஊதுகிறது,
கடைசியைத் தவிர.
அதில் ஒரு விரல் நீள்கிறது,
தூண்டில் கிழித்த தழும்போடு.

“அடைஞ்சிருக்கா?”

“உங்க விரல்தான் அடைச்சிருக்கு.
எடுங்க.”