கூட்டுத்தொகை

மின்சாரம் போய்விட்டது.
சுழன்றுகொண்டிருந்த எந்திரம்
முனகி, தள்ளாடி, நின்றது.
ஆறு குழாய்களில் ஒன்றில் மட்டும்
அணுக்கள் உடைந்து சாயம் இறங்கியிருக்கிறது:
நஞ்சன், வயது ஏழு, சோலையூர்.

"மறுபடியும் எடுக்கணுமா?" என்கிறாள் ராமி.
இருட்டோடு ஜீப் பிடித்து அகளிக்கு வந்தவள்.
அவன் கேட்பது வேறு:
"முதல்ல எடுத்தது எங்கே போச்சு?"

முழங்கை மடிப்பில் நரம்பு ஒளிந்துகொண்டது.
புறங்கையில் கிடைத்தது.
அழவில்லை. எண்ணினான்
அவன் மொழியில், பதினொன்று வரை.

ஊசி முனையில் மிஞ்சிய சொட்டைக்
கண்ணாடியில் வைத்து
ஜன்னல் வெயிலுக்குத் திருப்பினேன்
பழைய நுண்ணோக்கியை.
ஒற்றைக் கண்ணை இடுக்கி
நெடுநேரம் பார்த்தான்.
நான் படித்த பாடத்தில் அதற்கு
அரிவாள் என்று பெயர்.
"அம்மா, ஆட்டுக்கொம்பு அவரை!"

ராமி எழுந்து வரவில்லை.
"நிறையக் காய்ச்சிருக்கா?"
என்று மட்டும் கேட்டாள்.

மூன்று மணிக்கு மின்சாரம்.
நாலரைக்கு எண்கள்.
மொத்தப் புரதம் ஏழு புள்ளி நான்கு.
மலையாளப் படிவத்தில் அதற்கு ஒரே ஒரு கட்டம்;
கட்டத்துக்குள் அது நல்ல எண்.
பிரித்தால்
ஆல்புமின் இரண்டு புள்ளி ஒன்பது,
குளோபுலின் நாலரை.
அரிசி குறைந்த மூட்டையில்
கல்லைப் போட்டு எடை நேர்செய்த மாதிரி
என்று நினைத்தேன்.

இல்லை, கல் இல்லை.
கூடியது அத்தனையும் எதிர்ப்பொருள்.
போன ஆடியில் நெஞ்சுச் சளி,
மாசியில் விரல்கள் வீங்கிய பதினாறு நாள்,
பள்ளி திறந்த வாரத்துக் காய்ச்சல்,
பெயர் வைக்காத இன்னும் எத்தனையோ
வந்து, தோற்று,
ஆளுக்கொரு காவல் நிறுத்திவிட்டுப் போயிருக்கின்றன.
காவலுக்கு ஆள் நிறைய.
உலையில்தான் அரிசி குறைவு.

"சரியா இருக்கா?"

கூட்டினால் சரி, என்று
வாய்வரை வந்தது.
கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில்
இரண்டு எண்களையும் எழுதி
சிவப்பு மையில் சுழித்தேன்.
"இதை டாக்டர்கிட்ட நீயே விரல் வச்சுக் காட்டு.
மேலே இருக்கிறதைப் பார்த்து
போகச் சொன்னால், போகாதே."

ஆனைகட்டி பஸ்
ஹாரன் அடித்துக்கொண்டே போனது.
அடுத்தது ஏழு மணிக்கு.
ராமி விரலை அந்தச் சுழிப்பின் மேல் வைத்துப்
பழகிக்கொண்டிருந்தாள்.

நஞ்சன் புறங்கைப் பஞ்சை எடுத்து
கறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இது மட்டும்
உருண்டையா இருக்கு."