எட்டு மணி

எட்டு மணிக்கு நாட்டின் தலைவர் பேசுவாராம்.
எட்டுக்குத்தான் எங்களுக்குக் கரண்ட் போகும்.

குருநகர்ச் சங்கக் கடையில்
ரோச்லைற்றைக் கக்கத்தில் இடுக்கி
எமில்டா கணக்குப் பார்க்கிறாள்:
நாற்பத்தொரு படகு,
ஒன்றேகால் பரல் மண்ணெண்ணெய்.

"பெரிய இஞ்சினுக்குக் கூடத் தா" என்றான் யூட்.
"பிள்ளைகள் கூடின வீட்டுக்கு முதல்."
ஒருத்தன் தூசணம் சொன்னான்.
அதையும் பதியப்போகிறவள்போல்
பேனையை உதறினாள்.

பிழையும் விட்டாள்.
கடைசி ஒழுங்கையில் இரண்டு பேரை மறந்துபோனாள்.
தன் மனுசனின் கலனைத் திறந்து
பாதி பாதியாய் ஊற்றிக் கொடுத்தாள்.
அவன் அன்று கடலுக்குப் போகவில்லை;
அவளோடு கதைக்கவுமில்லை.

விடியக் கரண்ட் வந்தது.
தொலைக்காட்சியில் தலைவர் மறுபடி வாயசைத்தார்.
என்ன சொன்னாரோ, கேட்கவில்லை.
கடலில் இஞ்சின்கள்.