திருத்தம்

தேவகோட்டையில் மழையில்லாத ஐப்பசி.
அள. ஏகப்பன் வீட்டு இரண்டாங்கட்டில்
நாற்பத்தொரு பைண்டு வால்யூம்.
ராமபாணப் பூச்சிக்கு வலதும் இல்லை இடதும் இல்லை,
எந்த ஓரம் கிடைத்தாலும் தின்கிறது.

பணம் தருவது மகன், அடைக்கப்பன்.
முதல் நாளே சொல்லிவிட்டார்:
"நெருக்கடிநிலையில அப்பச்சி
தலையங்கத்தைக் காலியா விட்டாக.
அதுல ஆரம்பிங்க."
மதுரையிலிருந்து தோழி பேசினாள்:
"அந்த ஆளுக்கா புத்தகம்?
சீர் வாங்கினவளுக்குப் பங்கு எதுக்குன்னு எழுதினவன்.
அதுல ஆரம்பி."
அந்த வரியை நானும் மேடையில் சொல்லியிருக்கிறேன்,
பதினெட்டு வருடம்.
கைதட்டல் தவறியதே இல்லை.

முதலில் எழுபத்தைந்து.
ஜூன் இருபத்தெட்டு: தலையங்கம் இருக்கிறது,
மிளகாய் வற்றல் விலையைப் பற்றி, பத்தி நிறைய.
இருபத்தொன்பது: கண்மாய் மீன் ஏலம்.
ஜூலை ஒன்பதாம் தேதித் தாள் கட்டிலேயே இல்லை.
இல்லாத தாளை வைத்து
ஒருவரை வீரனாக்க முடியாது, கோழையாக்கவும் முடியாது.
'இதழ் கிடைக்கவில்லை' என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

பிறகு எண்பத்தொன்பது, சொத்துச் சட்டம்.
விரல் கறுக்கத் தேடினேன், கிடைத்தது.
மூன்றாம் பக்கம், வாசகர் கடிதம்,
கோட்டையூர் மருந்துக்கடைக்காரர் ஒருவருடையது.
ஏகப்பன் எழுதியது பக்கத்துப் பத்தியில்:
சட்டம் கூடாது என்பதற்குக் காரணங்கள் ஏழு,
பேரேட்டில் பற்று எழுதுவது போல எண் போட்டு.
கேலி இல்லை, மேடைக்கு ஆகாது.
நான்காவதை அன்றைக்கே யாரும் மறுத்திருக்கலாம்.
ஆறாவதைப் படிக்க உடம்பு கூசியது.
மூன்றாவதற்கு எனக்குப் பதில் வரவில்லை.
பஸ் ஸ்டாண்டு எதிர் லாட்ஜில்
இரவு இரண்டு மணிவரை யோசித்தும் வரவில்லை.
ஏழையும் அப்படியே பெயர்த்தெழுதினேன்.
மூன்றைச் சுருக்கவில்லை. ஆறையும்.

மகள் சிகப்பி ஆச்சி காபி வைத்துவிட்டுக் கேட்டார்:
"அப்பச்சியை நல்லவகன்னு போடுவியளா, கெட்டவகன்னா?"
உங்களுக்குப் பங்கு உண்டா என்றேன்.
"சீர் கொடுத்தாக. பங்கு இல்ல.
எழுதுனதத்தானே செஞ்சாக."
குரலில் புகாரைத் தேடினேன். பெருமையையும் தேடினேன்.
டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.
சொன்னதைக் குறித்துக்கொண்டேன், பொருள் எழுதாமல்.

பிற்போக்காளர் என்று அடித்து, அழித்தேன்.
அவர் தன்னைச் சொல்லிக்கொண்ட சொல் 'நிதானி'.
அதையும் அழித்தேன்.
பழமைவாதி என்று இருக்கிறது இப்போது, பென்சிலில்.

கடைசிப் பக்கத்தில் தினமும் ஒரு மூலை வைத்திருந்தார்,
வானிலைக்குக் கீழே, சின்ன எழுத்தில், திருத்தம்.
"நேற்றைய இதழில் கண்டனூர்த் தேர்வடம் அறுந்ததாக வந்தது.
அறவில்லை. அவிழ்ந்தது."
"மணமகன் பெயர் வயிரவன்; வைரவன் அன்று."
"காலமானதாகக் குறித்திருந்த திரு. முத்தையா
நேற்று நம் அலுவலகம் வந்திருந்தார். வருந்துகிறோம்."
எதற்கு வருந்துகிறீர்கள் ஐயா!
நாற்காலி அதிரச் சிரித்தேன்,
ஒரு விஷயத்திலும் ஒத்துவராத மனிதரோடு
அந்தப் பூட்டிய அறையில்.

புத்தகத்தின் முதல் தாளில், நன்றியுரைக்கும் முன்னால்,
சின்ன எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்:
"இந்நூலாசிரியர் பதினெட்டு ஆண்டுகள்
அள. ஏகப்பனுடையது என்று மேடைகளில் சொன்ன வரியை
அவர் எழுதவில்லை. அச்சிட்டார்."

'அச்சிட்டார்' வேண்டாமே என்கிறார் அடைக்கப்பன்.
'எழுதவில்லை'யை எடு என்கிறாள் தோழி.
ப்ரூஃபில் இரண்டும் நிற்கின்றன.

எனக்கு வேறொரு சந்தேகம்.
நாளைக் காலை ஆச்சியிடம் மறுபடி சாவி கேட்க வேண்டும்:
செத்துப் பிழைத்த அந்த மனிதர்
முத்தையாவா, முத்தய்யாவா?