பத்தரை இடைவேளை, அம்பகாமம்

"சூனியவாதம்" என்றேன்.
பணிஸைத் தேநீரில் தோய்த்தபடி
அமலதாசன் கேட்டான்:
"ஆர் வைச்சது?"

அதில்லையடா, ஒன்றுக்கும் அர்த்தமில்லை என்கிற...
"ஒன்றுக்கும் எண்டா
நீ இப்ப சொன்னதுக்குமோ?"

முகக்கவசத்தில் ஏறிய எறும்பை
ஊதி விட்டாள் தவமலர்.
"வைச்ச ஆக்களிட்டை
அர்த்தம் நிறைய இருந்தது."

பாலைமர நிழல் நகர்ந்துவிட்டிருந்தது.
பிறகு முழங்காலில் நின்று
கருவி கத்தின இடமெல்லாம் சுரண்டினேன்.
சோடாமூடி.
சைக்கிள் கம்பி.
கத்தாத இடத்தில் வேர்.

பதிவேட்டில், பதினொரு சதுர மீட்டர்:
ஒன்றுமில்லை.
கையொப்பம்.

அந்த ஒன்றுமில்லையின் மேலால்
ஒருநாள் ஆரோ மாடு சாய்த்துப் போவார்.
மாடு நின்று, யோசிக்காமல்,
சாணி போடும்.

இதற்கு என்ன பெயரென்று
கேட்கத் திரும்பினேன்.
அமலதாசன் ட்ரக்கில் ஏறி
சப்பாத்தும் கழற்றாமல்
நித்திரை.