மற்றையவை

பிரதேச சபை தந்த படிவத்தில் ஏழு வகை:
குழாய்க்கிணறு, தாங்கி, வடிகட்டி நிலையம்,
பந்தல், பாடசாலைக் குழாய், நினைவுக் குழாய்,
ஏழாவது, மற்றையவை.

மாங்குளம் சந்தியில் தொடங்கினேன்.
வங்கிக்கு முன்னால் உருக்குக் குழாய்,
மிதித்தால் மேலே பாயும் என்று எழுதியிருக்கிறது.
மிதித்தேன்.
பல்லி ஒன்று இறங்கிப் போனது.

ஒட்டுசுட்டான் வீதியில் நீலத் தாங்கி.
தந்த நிறுவனத்தின் பெயர் வெயிலில் உரிந்து
கடைசி இரண்டு எழுத்து நிற்கிறது.
தண்ணீர் உண்டு, மூடி இல்லை.
சைக்கிள் கடை மரியநேசன் சொன்னான்:
"உது ரியூப்பிலை ஓட்டை பாக்கிற தண்ணி அக்கா,
குடிக்கிறதெண்டால் அங்காலை போங்கோ."
அங்காலை, காசு போட்டால் ஒரு லீற்றர்.
சிறுநீரகத்துக்குப் பயந்த சனம்
கலன்களோடு வரிசையில்.
இது பொதுக் குழாயா, கடையா?
படிவம் கேட்கவில்லை.

பாடசாலையில் எட்டுக் குழாய்,
பழைய மாணவர், லண்டன் கிளை.
பலகை மாபிள். மூன்றுக்குத் திருகு இல்லை.
பிள்ளைகள் போத்தலோடு வருகிறார்கள்.

மத்தியானத்துக்குள்
எனக்கென்று வேறொரு பிரிப்பு வந்துவிட்டது:
குனிந்து குடிப்பவை, அண்ணாந்து குடிப்பவை.
குனிந்தால் உள்ளங்கை போதும்.
அண்ணாந்தால், கோயில் பந்தலில்,
சங்கிலியில் ஒரு குவளை, உதடு படாமல்.
சங்கிலி களவுக்கு என்றார் செயலாளர்.
உதடு ஏன் படக்கூடாது என்பதற்கும்
அவரிடம் பதில் இருந்தது.
சொல்லவில்லை.

முத்தையன்கட்டுக்குப் போகும் வழியில்
பாலைமரத்தடியில் ஒரு குழாய்.
கல்லில் பெயர்: கதிர்நிலவன். பிறந்த திகதி.
பிறகு ஒரு கோடு.
கோட்டுக்கு அப்பால் வெறும் சீமெந்து.
ஆறாவது கட்டத்தில் பேனையை வைத்தேன்.

"நினைவு எண்டு போடாதேங்கோ" என்றார் பரிமளகாந்தி,
மாட்டு வாளியிலிருந்து நிமிராமல்.
"உங்கடை பதிவிலை அப்பிடி விழுந்தால்
மரணச் சான்றிதழோடை நாளைக்கே வந்து நிப்பினம்."
நன்கொடை என்று போடவா?
"ஆருக்கு நான் நன்கொடை குடுத்தனான்?
உது அவன்ரை பைப்."

ஏழில் புள்ளடி இட்டேன்.
ஏழென்றால் விவரம் எழுதவேண்டும், மூன்று வரி இடம்.
முதலில் குனிந்து குடித்தேன்.
சவர் கொஞ்சமும் இல்லை.

உரிமையாளர்: கதிர்நிலவன்.
பாவனையில் உள்ளது.
வாசர் தேய்ந்து சொட்டுகிறது, இரவிலும்.